ரியூப் சுற்றிய பெட்டி

ஸ்பீக்கர் பெட்டி இரைந்தால் சனம் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைத்தான் பழி சொல்லும். கடைப்படி ஏறும்போதே, "கோன் கிழிஞ்சு போச்சு, மாத்தி விடுங்கோ" என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டு வருவார்கள். கோனில் ஒன்றும் இருக்காது. பெட்டியின் பலகை விட்டிருக்கும். பசை விட்ட பலகை பாட்டோடு சேர்ந்து அதிரும். அதுதான் இரைச்சல். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் விளங்கப்படுத்துகிற ஆளும் இல்லை. "வச்சிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொல்வேன்.

எங்கள் ஊரில் பசை விடுவதற்கு இரண்டு காரணம். ஒன்று கடற்காற்று. பழைய பெட்டிகள் எல்லாம் வச்சிரம் உருக்கி ஒட்டியவை. வச்சிரத்துக்கு ஈரம் ஆகாது. மற்றது பீரங்கி. குடாவுக்குள் நிற்கிற நேவிக் கப்பலில் இருந்து அக்கரைக்கு அடிப்பார்கள். அக்கரையில் விழுகிற அடிக்கு இக்கரையில் அலுமாரிக்குள் கோப்பைகள் உடையும். யன்னல் கண்ணாடி உடைந்தால் எல்லாருக்கும் தெரியும். பசை உடைவது யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் பாட்டுப் போடும்போது மூலையில் கிர்ரென்று கேட்கும்.

உட்துறைமுக வீதியில் எங்கள் கடை. முன்னுக்கு ஒரு அறை கடை, பின்னுக்கு வீடு. வீட்டில் என் தங்கச்சியும் அவள் புருசனும் நானும் இருந்தோம். தங்கச்சியின் புருசன், என் மச்சான், கடையில் பாதி. நான் மரவேலை. அவன் காது.

காது என்று சொன்னால் சும்மா இல்லை. அவனிடம் ஒரு தவில் கசற் இருந்தது. அதை மெதுவாகப் போட்டுவிட்டு, பெட்டிக்கு முன்னால் சப்பாணி கொட்டி இருந்து கண்ணை மூடுவான். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி விழும்போது தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரிப்பான், வலப்பக்கம் சரிப்பான். பிறகு ஒற்றை விரலை நீட்டி, "இந்த மூலை, மேலிருந்து நாலு விரல்" என்பான். நான் அந்த இடத்தை உள்ளங்கையால் அமத்துவேன். இரைச்சல் நிற்கும். ஒரு தடவையும் பிழைத்ததில்லை. நானும் முயன்று பார்த்தேன். எனக்கு எல்லா மூலையும் ஒரே மாதிரித்தான் கேட்டது.

"உன்ர மண்டைப் பலகை விட்டுப் போச்சு மச்சான்," என்பான். "உள்ளுக்க இரையிறதாலதான் வெளிச்சத்தம் கேக்கேல்ல. ஒருநாளைக்கு ரியூப் சுத்திப் படுக்க வைக்கவேணும் உன்னை."

ரியூப் என்றது சைக்கிள் ரியூப். எங்களிடம் பலகையை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கவ்விகள் இல்லை. இருந்த இரண்டும் கடை எரிந்தபோது போனது. அது வேறு கதை. பழைய ரியூபை நீளவாட்டில் கீறி நாலு பட்டி எடுத்து, பசை போட்ட பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டுவேன். நல்லாய் இழுத்துச் சுற்றினால் எந்தக் கவ்வியும் அதற்குக் கிட்ட வராது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகும். ஆணி அடிக்கமாட்டேன். ஆணி அடிக்கிறவன் தச்சன் இல்லை. பழைய பலகை வெடிக்கும், பிறகு அந்த ஆணியே இரையத் தொடங்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசையை ஆஸ்பத்திரி ஊசியால் மூட்டுக்குள் ஏற்றி, ரியூப் சுற்றி ஒரு இரவும் ஒரு பகலும் வைப்பேன். மெல்லிய பலகையாக இருந்தால் உள்பக்கம் குறுக்கே ஒரு சட்டம் ஒட்டுவேன், அதிராமல் பிடித்துக்கொள்ள. ஈரச் சட்டம் வழுகாமல் இருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன ஆப்பு.

அந்தச் சட்டத்துக்குப் பலகை வேண்டுமே. அந்த வருடங்களில் ஊருக்குள் நல்ல பலகை வருவதில்லை. காட்டுப் பாதை எல்லாம் மூடிக் கிடந்தது. இருந்த ஒரே நல்ல மரம் ஆமிக்குப் பீரங்கி ஷெல் வருகிற பெட்டி. வெள்ளை மரம், கணு இல்லை, நேரான நார், நல்லாய்க் காய்ந்தது. சென்றியில் காவல் நின்றவர்கள் அதை உடைத்துத் தேத்தண்ணி வைத்தார்கள். பார்க்க வயிறு எரியும். ஒரு சிப்பாய் கசற் றேடியோ திருத்த வந்து, கூலியாக ஒரு கட்டுப் பலகை கொண்டுவந்து போட்டான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாதி ஊரில் கோழிக்கூடு அந்தப் பலகைதான். ஆனால் அதில் கறுப்பு மையில் இலக்கமும் எழுத்தும் அச்சடித்திருக்கும். எழுத்தோடு பலகை வீட்டில் அகப்பட்டால் என்ன கேள்வி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே எடுத்தாய், உள்ளே இருந்த ஷெல் எங்கே. அந்தக் கேள்வி கேட்கப்பட்டு முகாமுக்குள் போனவர்களில் நடந்து வெளியே வந்தவர்களை நான் காணவில்லை. ஆகவே பலகை வந்த உடனேயே எழுத்தைச் சீவித் தள்ளிவிடுவேன். ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவை மூதூர் நானாவின் பெட்டி.

நானா அக்கரையில், மூதூரில், புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அவருடைய தகப்பன் துறைமுகத்தில் வெள்ளைக்காரனிடம் வேலை செய்தவராம். வெள்ளைக்காரன் போகும்போது சாமான்களை ஏலம் போட்டிருக்கிறான். அதில் எடுத்த சோடி ஸ்பீக்கர். ஒன்று நல்லாய் இருந்தது. மற்றதின் பின்பலகை நாலு பக்கமும் விட்டுக் கிழவன் பல்லு மாதிரி ஆடியது. அதைச் சாக்கில் சுற்றி குடா தாண்டுகிற லோஞ்சில் கொண்டுவந்தார்.

"எண்ட வாப்பாட சாமான் தம்பி. குண்டுக்கே தப்பினது. ஒங்கட கையில தந்திட்டன்."

"கையில தந்தா காணும் நானா. தலையில வைக்காதீங்க," என்றான் மச்சான்.

அந்தக் கிழமைக்கு முந்திய கிழமைதான் இறங்குதுறைச் சென்றியில் வெடித்தது. யாரோ ஒரு சைக்கிளைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். கரியரில் ஒரு பார்சல். இரண்டு சிப்பாய்கள் துண்டு துண்டாய்ப் போனார்கள். மிச்சப் பேர் வெளியே இறங்கி வீதியில் கண்டதை எல்லாம் சுட்டார்கள். தேசிக்காய்த் தண்ணி விற்கிறவன் தன் வண்டிக்கு மேலேயே குப்புறக் கிடந்தான். போத்தல்கள் உடைந்து தண்ணியும் இரத்தமும் சேர்ந்து சாக்கடைக் கானுக்குள் ஓடியது. இனிப்புக்கு எறும்பு வந்ததா இரத்தத்துக்கு வந்ததா தெரியாது. பின்னேரம் வரை எடுக்க விடவில்லை. எங்கள் கடைக் கதவில் மூன்று ஓட்டை. வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. வைத்துவிட்டு அவன் போய்விட்டான். தேசிக்காய்த் தண்ணிக்காரன்தான் போகவில்லை.

இதையெல்லாம் கண்ணால் கண்டவன் நான். கண்டும் அந்த வேலை செய்தேன். அதுதான் இன்றைக்கும் விளங்கவில்லை.

நானா குறித்த நாளில் வந்தார். பெட்டி ஆயத்தமில்லை. இரண்டு நாள் ஊரடங்கு, பசை உருக்க மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அன்று காலமைதான் ஒட்டினேன். நானா இரண்டு மணி லோஞ்சைப் பிடிக்கவேண்டும். அடுத்த லோஞ்ச் எப்போது விடுவார்கள் என்று அந்த நாட்களில் ஒருவருக்கும் தெரியாது. சட்டத்துக்கு எடுத்த பலகையில் எழுத்து இருந்தது. சீவுளியைத் தீட்டவேண்டும். நேரமில்லை. உள்பக்கம்தானே, ஆர் பார்க்கப் போகிறான் என்று எழுத்து தெரியத் தெரிய அப்படியே ஒட்டினேன். ஆப்பு அடித்து, ஸ்பீக்கரைப் பூட்டி, நாலு ரியூப்பும் சுற்றினேன்.

"நானா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரியூபை அவிழ்க்கக் கூடாது. அப்பிடியே கொண்டு போங்கோ."

நானா லோஞ்சில் இடம் பிடிக்க முன்னால் போனார். மச்சான் பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனான். நினைத்துப் பாருங்கள். சைக்கிள் கரியர். கறுப்பு ரப்பர் சுற்றிய பெட்டி. பின்னுக்கு ஒரு முழம் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தொங்குகிறது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று அதைப் பார்த்தோம். ரியூப் இறுக்கமா என்று பார்த்தோமே தவிர வேறொன்றும் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அப்படித்தான் கட்டினோம். எங்கள் கண்ணுக்கு அது பசை காய்கிற பெட்டி.

அரை மணித்தியாலம் இருக்கும். ஐஸ்பெட்டி கட்டின மீன்காரன் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். நிற்கவும் இல்லை. போகிற போக்கில் கத்தினான்.

"அண்ணே, உங்கட மச்சானை இறங்குதுறையில மடக்கிப் போட்டாங்கள்! பெட்டிக்குள்ள குண்டாம்!"

தங்கச்சி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், கையோடு ஓடிவந்தாள்.

"என்ன குண்டு? ஸ்பீக்கர்தானே? போய்த் திறந்து காட்டன்!"

நான் அசையவில்லை.

"என்னண்ணா நிக்கிறாய்?"

"உள்ளுக்க ஷெல் பெட்டிப் பலகை ஒட்டினனான். எழுத்துச் சீவேல்ல."

தேங்காய்ப் பூ ஒட்டியிருந்த கையால் கன்னத்தில் அறைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"சீவ உனக்கென்ன கை முறிஞ்சே கிடந்தது?"

"லோஞ்சுக்கு நேரம் போச்சு."

"போ. நீயே போய்த் திற. அவங்கள் திறந்து அந்த எழுத்தைக் கண்டா அவர் முடிஞ்சுது. நீயும் முடிஞ்சாய். போடா!"

அண்ணாவை அவள் 'டா' போட்டதும் முதல் தடவை. நான் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் பின்னால் வந்தாள்.

இறங்குதுறையில் லோஞ்சுக்கு வந்த சனம் முழுவதையும் வெயிலில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். நானா தொப்பி இல்லாமல் முன் வரிசையில் இருந்தார். மச்சான் தார் றோட்டில் குப்புறக் கிடந்தான், கைகள் பிடரியில். அவன் முதுகில் ஒருவன் சப்பாத்துக் காலை வைத்துக்கொண்டு நின்றான். உருகின தார் அவன் கன்னத்தில் ஒட்டியிருந்தது. பெட்டி மட்டும் ஐம்பது யார் தூரம் தள்ளி, கடற்கரை மணலில் தனியே. மண்மூட்டைக்குப் பின்னால் பத்துத் துவக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கைகளை உயர்த்திக்கொண்டு போனேன். தகரக் கொட்டிலில் இருந்த அதிகாரி என்னைவிட வயது குறைந்தவன். மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. கொஞ்சத் தமிழ் வைத்திருந்தான்.

"இது யார் செஞ்சது?"

"நான் சேர். ஸ்பீக்கர் பெட்டி. பசை காயக் கட்டியிருக்கு."

"அப்ப நீ போ. திற. வெடிச்சா நீ சாவுற. வெடிக்காட்டிப் பாப்பம்."

மச்சானைத் தாண்டித்தான் போகவேண்டும். தாரில் கிடந்தபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தான்.

"மச்சான், ஸ்குரூவைத் துலைச்சுப் போடாத. அந்தச் சைஸ் கிடையாது."

முதுகில் இருந்த கால் எழும்பி மறுபடி இறங்கியது. அவனுக்கு மூச்சு அடைத்ததைக் கேட்டேன்.

மணலில் முழங்காலில் இருந்து முதல் ரியூபை அவிழ்த்தேன். இழுத்துக் கட்டின ரப்பர் கையை விட்டுத் துள்ளிப் படார் என்று பெட்டியில் அடித்தது. உடனே ஒரு துவக்குச் சூடு. என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி மண் கிளம்பி முகத்தில் அடித்தது. மூத்திரம் போய்விட்டது எனக்கு. சொல்ல வெட்கமில்லை. அதிகாரி சிங்களத்தில் கத்தினான், சுட்டவனைத்தான் ஏசினானாக்கும். மற்ற மூன்றையும் பாம்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துப் பிடித்து அவிழ்த்தேன். ரியூப் போனதும் பின்பலகை மூட்டு மெல்ல வாய் திறந்தது. காலமை ஏற்றின பசை அத்தனையும் வீண்.

பெட்டியின் முன்பக்கத்துச் சீலை மூடியைக் கழற்றினேன். நாலு ஸ்குரூ. ஸ்பீக்கரை வெளியே எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

"உள்ள?" என்று கத்தினான் அதிகாரி.

"வெறும் பெட்டி சேர்!"

"இங்க கொண்டு வா. நான் பாக்கிறது."

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் இருந்த வட்ட ஓட்டைக்கு நேரே, பின்பலகையின் நடுவில், சட்டம். கறுப்பு எழுத்து ஒவ்வொன்றும் பெருவிரல் அளவில். குருடனுக்கும் தெரியும்.

பசை இன்னும் ரப்பர் மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆப்பைக் கழற்றினால் சட்டம் உரிந்து வரும். திருப்பி வைத்தால் எழுத்து பின்பக்கம் போய்விடும்.

"வயரைக் கழட்டவேணும் சேர்! ரண்டு நிமிசம்!"

முதுகை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு கையை முழங்கை வரை உள்ளே விட்டேன். ஒரு ஆப்பு வந்தது. மற்றது இறுகி நின்றது. நகத்தால் தோண்டினேன். பின்னால் சத்தம் கேட்டது. என்ன செய்யிறான் அவன், உள்ளே கை ஏன், கேள், அவனைக் கேள். மச்சானைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பது சப்பாத்துச் சத்தத்தில் தெரிந்தது.

"என்ன செய்யிறான் உன் ஆள்? சொல்லு!"

"வயர் கழட்டுறான் சேர்."

பிறகு அந்தச் சத்தம். இரண்டு கையையும் விரித்து இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அடிப்பது. ஊதின கடதாசிப் பையை உடைக்கிற மாதிரி இருக்கும். நான் திரும்பவில்லை. ஆப்பு வந்தது. சட்டம் சவ்வு மாதிரி இழுபட்டு உரிந்தது. மறுபடி அந்தச் சத்தம். சட்டத்தைத் திருப்பினேன், எழுத்து பலகைப் பக்கம், பசைப் பக்கம் என் பக்கம். முதல் ஆப்பைச் சொருகினேன். இரண்டாவது ஆப்பு பசையில் வழுகிப் பெட்டிக்குள் எங்கேயோ விழுந்தது. தேடினேன். மறுபடி அந்தச் சத்தம். மச்சான் இந்தத் தடவை கத்தினான். ஒரு ஆப்போடு விட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தேடினேன். மறுபடி. ஆப்பு விரலில் தட்டுப்பட்டது. சொருகினேன். எழும்பினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அதிகாரி ரோச் லைற் அடித்து உள்ளே பார்த்தான். கையை விட்டுத் தட்டினான். விரலில் ஒட்டின பசையை மணந்து பார்த்து முகத்தைச் சுழித்து, என் சட்டையில் துடைத்தான். "ஹரி, சரி, போ," என்றான். போய்த் தன் மர வாங்கில் குந்தினான்.

அப்போதுதான் வாங்கைப் பார்த்தேன். வெள்ளை மரம். முன்பலகையில் அதே கறுப்பு எழுத்து, அதே இலக்கம், சீவாமல் கொள்ளாமல் றோட்டைப் பார்த்தபடி. கொட்டிலின் கதவும் அதே. துவக்குச் சாத்துகிற தட்டும் அதே. அவன் அதன் மேலேயே இருந்து அதன் மேலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். எழுத்தைக் கண்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பானா, இல்லையென்றால் எங்கள் இரண்டு பேரையும் சுவரோடு நிறுத்தியிருப்பானா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாமல்தான் எங்களை வைத்திருந்தார்கள். தேவடியாப் பிள்ளைகள்.

"என்ன பாக்கிற?"

"ஒண்டும் இல்ல சேர்."

வயிற்றில் உதைத்தான், போகச் சொல்வதற்கு. ஒரு சிப்பாய் வந்து என் நாலு ரியூபையும் கத்தியால் துண்டு துண்டாய் வெட்டினான். ஸ்பீக்கரைத் திரும்பப் பூட்டி நானாவிடம் கொடுத்தேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு லோஞ்சில் ஏறினார், ரியூபுக்குப் பதில் தன் கையே போதும் என்கிற மாதிரி. லோஞ்ச் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனது. முழங்காலில் இருந்து எழும்பின சனம் என்னைத்தான் ஏசியது. "அறிவில்லையோடா உனக்கு, பெட்டிக்கு ரப்பர் சுத்திக் கொண்டு வாறாய்!" சுட்டவனை ஒருவரும் ஏசவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் என்னைத்தான் ஏசியிருப்பேன்.

மச்சானுக்கு இடக் காதில் இருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. எதைச் சொன்னாலும் "என்ன? என்ன?" என்றான். நேராக நடக்கவில்லை, ஒரு பக்கம் சரிந்து சரிந்து போனான். தங்கச்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். றோட்டை மறித்துக் கட்டின கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவனை அடிப்பதையும், நான் முதுகு காட்டிக் குனிந்திருந்ததையும். அவன் இரண்டடி முன்னால் போனதும் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"திருப்பிட்டியே?"

"ஓம்."

"எத்தினை தரம் அடிச்சவங்கள் எண்டு எண்ணினனியே?"

நான் விரலில் ஒட்டிக் காய்ந்த பசையை உரித்தேன்.

"நான் எண்ணினனான்."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இடக் காது இனி இல்லை, வலக் காது தப்பிவிட்டது என்றார்கள். தப்பியதைப் பெரிய புண்ணியம் மாதிரிச் சொன்னார்கள். மச்சான் மூன்று கிழமையில் கடைக்கு வந்துவிட்டான். நான் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தேன் என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. வயர்தான் இறுகிக் கிடந்தது என்று நினைத்திருக்கிறான். தங்கச்சி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள், கோப்பை மேசையில் இடிக்கிற சத்தத்தில் இருக்கும் கதை.

அதற்குப் பிறகு ஒரு முற்பகலில் நானா மறுபடி வந்தார். அதே சாக்கு. அதே பெட்டி.

"தம்பி, குறை நினைக்காதீங்க. முந்தியவிட மோசமா இரையுது."

ரியூப் இல்லாமல் போன பெட்டி வேறு எப்படி இருக்கும்? நான் பெட்டியை வாங்கி என் பக்கம் வைத்தேன். "நான் பாக்கிறன். நீ இரு," என்றேன் மச்சானிடம்.

"காதுக்கு என்ன, ஒண்டு கிடக்குத்தானே," என்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

தவில் கசற்றைப் போட்டான். சப்பாணி கொட்டி இருந்து கண்ணை மூடினான். தலையை இடப்பக்கம் சரித்தான், வலப்பக்கம் சரித்தான். விரலை நீட்டவில்லை. கசற்றை ஓடவிட்டு மறுபடி கேட்டான். முகம் வேர்த்தது.

"இரையுது," என்றான். "எங்க எண்டு தெரியேல்ல. எல்லாப் பக்கத்தாலயும் இரையுது."

ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், சத்தத்தின் திசை கேட்காது. அன்றைக்குத்தான் அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நானா தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் ஒவ்வொரு பலகையாகக் கையால் அமத்திப் பார்த்தான். மூட்டில் அமத்தும்போது கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

"இது உள்ளுக்க."

"விடு மச்சான், நான் திறக்கிறன்."

"விடடா நீ."

அவனே ஸ்குரூவைக் கழற்றினான். ஸ்பீக்கரை எடுத்தான். கையை உள்ளே விட்டதும் சட்டம் தானாகவே கையோடு வந்துவிட்டது. தங்கச்சி உள்வாசலில் வந்து நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது.

மச்சான் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு பக்கம் பசை, பிடுங்கின இடமெல்லாம் நூல் நூலாய் இழுபட்டு, மஞ்சளாய்க் கண்ணாடி மாதிரிக் காய்ந்திருந்தது. திருப்பினான். கறுப்பு எழுத்து, பசைப் பொட்டுக்கூட இல்லை. மறுபடி திருப்பினான். பதினைந்து வருடம் என்னோடு வேலை செய்தவன்.

"பசை பூசின பக்கம் வெளியால நிக்குது," என்றான். "நீ ஒருநாளும் இப்பிடி ஒட்டமாட்டாய்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அண்டைக்கா?"

"ஓம்."

"நான் அங்க நிக்கேக்கயா?"

"ஓம்."

சட்டத்தின் விளிம்பால் அடித்தான். முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. தலைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாயில். பல்லு ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. "யா அல்லாஹ், விடுங்க தம்பி, பெட்டி எனக்கு வேணாம்!" என்று நானா அவன் கையைப் பிடிக்க, அவரையும் தள்ளிவிட்டு மூன்றாவது அடி தோளில். அதோடு சட்டம் நடுவால் முறிந்தது. என் தங்கச்சி வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

"அவங்கள் இருந்த வாங்கும் இதே பலகைதான்," என்றேன். வாயெல்லாம் இரத்தம், கதை ஒழுங்காக வரவில்லை. "எழுத்தோட."

"அப்ப ஏனடா திருப்பினனி?"

"வாங்கைப் பிறகுதான் கண்டனான்."

முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் வலக் காதை எனக்குக் காட்டித் திரும்பி நின்றது, சொன்னதைச் சரியாகக் கேட்கத்தான். நான் மறுபடி சொன்னேன். துண்டை வீதியில் எறிந்தான். தங்கச்சி போய் ஒரு செம்பில் தண்ணி கொண்டுவந்தாள். அவனுக்குத்தான் கொடுப்பாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வைத்தாள்.

"வேற பலகை எடு," என்றான் மச்சான். "நானா, இண்டைக்கு உங்களுக்கு லோஞ்ச் இல்ல. பசை காயாமல் இந்தப் பெட்டி இந்தக் கடையை விட்டுப் போகாது."

"நான் டவுனில மச்சினன்ட வீட்ட நிக்கிறன்," என்றார் நானா.

பலகை எடுத்தேன். சீவுளியைத் தீட்டி, எழுத்தில் ஒரு புள்ளி இல்லாமல் சீவினேன். இரத்தம் சீவல்மேல் சொட்டியது. ஒட்டினேன். நானா ஒரு பழைய ரியூப் தேடிக் கொண்டுவந்தார். சுற்றும்போது மறுமுனையை மச்சான் இழுத்துப் பிடித்தான். அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு நானாவும் வர அவிழ்த்தோம். ரியூப் துள்ளிப் படார் என்று அடித்தபோது நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் குந்திவிட்டோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

தவில் கசற் போட்டோம். மச்சான் கண்ணை மூடிக் கேட்டான். நான் ஒவ்வொரு மூலையாக அமத்தினேன். எனக்கு ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மேல்மூலையை அமத்தினாலும் கேட்டது, கீழ்மூலையை அமத்தினாலும் கேட்டது. கசற்றை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தின பிறகும் கேட்டது.

"இன்னும் இரையுது மச்சான்," என்றேன்.

அவன் கண்ணைத் திறந்து என் வீங்கின காதைப் பார்த்தான்.

"பெட்டி சரி," என்றான். "இரையிறது உன்ர மண்டை."